எல்லை தாண்டும் பணம் – 9: மாற்று விகிதத்தை எழுதுபவர் யார்?

சென்ற பகுதியில் விளக்கப்பட்ட பயணக் காசோலை, 1891இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் அதை அறிமுகப்படுத்திய காலத்திலிருந்தே, பயணி கிளம்பும் முன்னர் விலை கொடுத்து வாங்கிச் செல்ல வேண்டிய தாளாக இருந்தது; ஆகவே நாணயம் மாற்றுவதால் ஏற்படும் இழப்பின் பெரும்பகுதி பயணம் தொடங்கும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். கடன் அட்டை இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. முதலில் செலவு நடக்கிறது. நாணயமோ அதன் பிறகு, பயணியின் கண்ணுக்கு எட்டாத இடத்தில், அவர் பேரம் பேச முடியாத விகிதத்தில் மாற்றப்படுகிறது. இழப்பு எவ்வளவு என்பது அவர் ஊர் திரும்பிய பின் வரும் மாதாந்திரக் கணக்கறிக்கையில்தான் தெரிகிறது, அதிலும் பல நேரங்களில் முழுமையாகத் தெரிவதில்லை. வெளிநாட்டில் அட்டையைப் பயன்படுத்துவதற்கு ஆகும் செலவில் கணிசமான பங்கு கட்டணம் என்ற பெயரைத் தாங்காமல் மாற்று விகிதத்துக்குள்ளேயே கரைந்து வசூலாகிறது என்பதும், அந்த விகிதத்தை எழுதுபவர் யார் என்பதைத் தேர்ந்துகொள்ளும் உரிமை பயணியின் கையில் இருந்தும் பெரும்பாலோர் அதை அறியாமல் விட்டுக்கொடுக்கின்றனர் என்பதும் இந்தப் பகுதியின் பொருள்.

ஒரு சிறு செலவை எடுத்துக்கொண்டு அதன் பாதையைத் தொடர்ந்தால் இது விளங்கும். இந்திய வங்கி ஒன்று வழங்கிய கடன் அட்டையைக் கொண்டு, சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா பகுதியில் உள்ள ஒரு கடையில் 400 சிங்கப்பூர் டாலருக்கு ஒருவர் பொருள் வாங்குகிறார் என்று கொள்ளலாம். கடைக்காரரின் மேசையில் உள்ள கருவி அந்தக் கடையின் கணக்கை வைத்திருக்கும் சிங்கப்பூர் வங்கிக்குச் செய்தி அனுப்புகிறது. அந்த வங்கி விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்பு நிறுவனம் ஒன்றின் வழியாக இந்திய வங்கியைக் கேட்கிறது. இந்திய வங்கி கடன் வரம்பைப் பார்த்து ஒப்புதல் தருகிறது. சில நொடிகளில் முடியும் இந்தச் சுற்றில் பணம் எதுவும் கைமாறுவதில்லை, கொடுக்கப்படும் என்ற உறுதி மட்டுமே கைமாறுகிறது. பணம் உண்மையில் தீர்க்கப்படுவது அடுத்த ஓரிரு நாட்களில். வலையமைப்பு நிறுவனம் தான் கணக்கை முடிக்கும் நாளுக்குரிய விகிதத்தில் சிங்கப்பூர் டாலரை ரூபாயாக்குகிறது. வாங்கிய அன்று கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தியில் இருந்த ரூபாய்த் தொகையும் பிறகு கணக்கறிக்கையில் ஏறும் தொகையும் சிறிது வேறுபடுவதற்கு இந்த இடைவெளியே காரணம். அதில் தவறு எதுவும் இல்லை.

வலையமைப்பு நிறுவனங்கள் பயன்படுத்தும் விகிதம் நாள்தோறும் அவற்றின் இணையதளங்களில் வெளியிடப்படுகிறது. அது பெரும்பாலும் மொத்தச் சந்தை விகிதத்துக்கு நெருக்கமாகவே இருக்கும். விமான நிலைய நாணய மாற்றுக் கடைகளின் பலகையில் எழுதப்பட்டிருக்கும் விகிதத்தோடு ஒப்பிட்டால் பயணிக்கு இது எவ்வளவோ சாதகமானது. அட்டையின் முதல் நன்மை இதுவே, அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் இந்த விகிதத்தின் மீது, அட்டையை வழங்கிய வங்கி தன் பங்குக்கு ஒரு விழுக்காட்டைக் கூட்டுகிறது. மார்க்கப் கட்டணம் எனப்படும் இது இந்தியாவில் வழங்கப்படும் பொதுவான அட்டைகளில் பெரும்பாலும் 3.5 விழுக்காடாகவும், ஆண்டுச் சந்தா கூடிய உயர்வகை அட்டைகளில் 2 விழுக்காடு அல்லது அதை ஒட்டியும் இருக்கிறது. மார்க்கப் அறவே இல்லை என்று அறிவித்து விற்கப்படும் அட்டைகளும் அண்மைக் காலத்தில் வந்துள்ளன. இக்கட்டணம் வங்கி செய்யும் சேவைக்கான விலை என்பதால் அதன் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்கிறது, ஆகவே 3.5 விழுக்காடு என்று அச்சிடப்பட்டிருப்பது பயணியின் கையிலிருந்து போகும்போது 4.13 விழுக்காடாகிறது.

கணக்கு எளிதாக இருக்கும் பொருட்டு ஒரு சிங்கப்பூர் டாலர் 65 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 400 டாலர் 26,000 ரூபாய் ஆகிறது. மார்க்கப் 910 ரூபாய், அதன் மீது ஜிஎஸ்டி 163 ரூபாய் 80 காசு; பொருளின் அடக்கம் 27,073 ரூபாய் 80 காசு. இந்தக் கூடுதல் 1,074 ரூபாய் பொறுத்துக்கொள்ளத்தக்கதா என்பது அவரவர் முடிவு. ஆனால் அது எவ்வளவு என்பதைக் கிளம்பும் முன்பே அறிந்துகொள்ள முடியும். அட்டையோடு வங்கி தர வேண்டிய மிக முக்கிய விதிமுறைகள் என்னும் ஆவணத்தில் இந்த விழுக்காடு எழுதப்பட்டிருக்கும். அடிக்கடி வெளிநாடு செல்பவர், அட்டை தரும் வெகுமதிப் புள்ளிகளை எண்ணுவதற்கு முன்பு அந்த ஒரு வரியைப் படிப்பது நல்லது. ஏனெனில் செலவில் ஒன்று அல்லது ஒன்றரை விழுக்காட்டைத் திருப்பித் தரும் புள்ளிகள், நான்கு விழுக்காட்டுக்கு மேல் பிடித்துக்கொள்ளும் கட்டணத்தை ஈடுசெய்வதில்லை.

இந்தக் கட்டணம் தனி வரியாக வெளியே தெரிவதும்கூடத் தானாக வந்த மாற்றம் அன்று. அமெரிக்காவில் விசா, மாஸ்டர்கார்டு, டைனர்ஸ் கிளப் ஆகியவற்றுக்கும் பல பெரிய வங்கிகளுக்கும் எதிராக 2001இல் தொடங்கிய கூட்டு வழக்கின் குற்றச்சாட்டுகளுள் ஒன்று, நாணய மாற்றுக் கட்டணத்தை அவை விகிதத்துக்குள்ளேயே புதைத்துவைத்து வாடிக்கையாளர் அறியாதவாறு வசூலித்தன என்பது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே அந்நிறுவனங்கள் 2006இல் 33.6 கோடி டாலர் கொடுத்து வழக்கைச் சமரசமாக முடித்துக்கொண்டன; 1996க்கும் 2006க்கும் இடையே வெளிநாட்டில் அட்டையைப் பயன்படுத்திய அமெரிக்கர்களுக்கு அதிலிருந்து பணம் திருப்பித் தரப்பட்டது. அந்த வழக்கின் போக்கில்தான் அமெரிக்க வங்கிகளின் கணக்கறிக்கைகளில் அயல்நாட்டுப் பரிமாற்றக் கட்டணம் என்பது வெளிப்படையான இனமாக இடம்பெறத் தொடங்கியது. விகிதத்துக்குள் ஒளிந்த விலையை வெளியே கொண்டுவர ஒரு நீதிமன்றமும் ஐந்து ஆண்டுகளும் தேவைப்பட்டன என்பது கவனிக்கத்தக்கது.

இதுவரை சொன்னது, விலை சிங்கப்பூர் டாலரிலேயே பதிவாகி, நாணய மாற்றம் வலையமைப்பின் வழியாக நடக்கும்போது உள்ள நிலை. இதே பொருளுக்கு இன்னொரு பாதையும் உண்டு. அட்டை கருவியில் வைக்கப்பட்டவுடன், அது இந்தியாவில் வழங்கப்பட்டது என்பதை அட்டை எண்ணின் முதல் இலக்கங்களிலிருந்து கருவி அறிந்துகொள்கிறது. உடனே திரையில் இரண்டு தொகைகள் தோன்றுகின்றன, ஒன்று 400 சிங்கப்பூர் டாலர், மற்றொன்று அதற்கு ஈடான ரூபாய். எதில் செலுத்த விருப்பம் என்று கருவி கேட்கிறது, அல்லது கடைப் பணியாளர் கேட்கிறார். டைனமிக் கரன்சி கன்வர்ஷன் என்றும் சுருக்கமாக டிசிசி என்றும் வங்கியாளர்கள் குறிப்பிடும் ஏற்பாடு இது. ரூபாயைத் தேர்ந்தெடுத்தால், நாணயத்தை மாற்றும் வேலை வலையமைப்பின் கையிலிருந்து நழுவி, கடைக்காரரின் வங்கிக்கும் அதனோடு ஒப்பந்தம் செய்துகொண்ட டிசிசி நிறுவனத்துக்கும் போய்விடுகிறது. விகிதத்தை எழுதுவது அவர்கள். அதில் வைக்கப்படும் லாபத்தில் கடைக்காரருக்கும் ஒரு பங்கு போவதுண்டு. ரூபாயில் செலுத்துவது வசதி என்று பணியாளர் பரிவோடு பரிந்துரைப்பதற்கும், சில இடங்களில் கேட்காமலேயே அந்தப் பொத்தானை அழுத்திவிடுவதற்கும் இந்தப் பங்கே தூண்டுதலாக அமைகிறது.

பயணிக்கு இது ஏன் கவர்ச்சியாகத் தெரிகிறது என்பதையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். அந்நிய ஊரில் நின்றுகொண்டிருக்கும் ஒருவருக்குத் தன் நாட்டு நாணயத்தில் ஓர் உறுதியான தொகையைப் பார்ப்பது மனநிம்மதி தருகிறது. நாளை விகிதம் மாறினாலும் இந்தத் தொகை மாறாது என்பதும் உண்மை. ஆனால் அந்த நிம்மதிக்கு அவர் கொடுக்கும் விலை பெரிது. டிசிசி விகிதம் சந்தை விகிதத்தைவிட 6 விழுக்காடு கூடுதல் என்று கொண்டால், மேலே கண்ட 26,000 ரூபாய்ப் பொருள் 27,560 ரூபாயாகத் திரையில் தோன்றும். இதைவிடக் கூடுதலாக வைக்கும் இடங்களும் இருக்கின்றன. ரூபாயில் செலுத்தியதால் இந்திய வங்கியின் மார்க்கப் தப்பியது என்று நினைப்பதற்கும் இடமில்லை. வெளிநாட்டில் பதிவான வணிகரிடம் ரூபாயில் செய்த செலவுக்கும் தனிக் கட்டணம் வைத்துள்ள இந்திய வங்கிகள் உண்டு. அது 1 விழுக்காடு என்றாலும் ஜிஎஸ்டியோடு சேர்ந்து மேலும் 325 ரூபாய் ஏறி, அடக்கம் 27,885 ரூபாய் ஆகிறது. எடை போடும் கல்லையும் விற்பவரே செதுக்கிக்கொள்ளும் சந்தையில் வாங்குபவர் எந்த நிலையில் இருப்பாரோ, ரூபாய்ப் பொத்தானை அழுத்திய பயணியும் அந்த நிலையில்தான் இருக்கிறார்.

டிசிசியின் வரலாற்றில் ஆஸ்திரேலிய வழக்கு ஒன்று தனிக் கவனத்துக்குரியது, ஏனெனில் அது எளிதான முடிவுக்கு இடம் தருவதில்லை. 2010இல் விசா நிறுவனம், டிசிசி சேவை புதிய இடங்களுக்குப் பரவுவதைச் சில மாதங்கள் தடுத்துவைத்தது. மேலோட்டமாகப் பார்த்தால் பயணிகளுக்கு நன்மை செய்த நடவடிக்கை போலத் தோன்றும் இதை, அந்நாட்டின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் வேறு கோணத்தில் பார்த்தது. நாணய மாற்றத்தால் விசாவுக்கும் வருவாய் உண்டு என்பதால், போட்டியாளரைச் சந்தையிலிருந்து விலக்கிவைத்த செயலாகவே அதைக் கருதி வழக்குத் தொடுத்தது. 2015இல் கூட்டாட்சி நீதிமன்றம் விசாவுக்கு 1.8 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. பயணிக்குப் பாதகமாக அமையும் ஒரு சேவையைத் தடுத்ததற்காக அபராதம் விதிக்கப்பட்டது என்று இதைக் குறை கூறுபவர்கள் உண்டு. ஆனால் அந்த வழக்கு வேறொரு உண்மையைத் தெளிவாக்கியது: நாணயம் எங்கு மாற்றப்பட்டாலும், மாற்றும் இடத்தில் வருவாய் பிறக்கிறது, கடை, வங்கி, வலையமைப்பு ஆகிய மூன்றும் அந்த வருவாய்க்காகவே போட்டியிடுகின்றன.

ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்யும் வழியை விட்டு, வெளிப்படுத்தும் வழியைத் தேர்ந்துகொண்டது. 2019இல் அது இயற்றிய 518ஆம் எண் ஒழுங்குமுறையின்படி, 2020 ஏப்ரல் முதல், ஒன்றியத்துக்குள் நடக்கும் அட்டைப் பரிமாற்றங்களில் நாணய மாற்றுச் சேவை தருபவர், ஐரோப்பிய மத்திய வங்கியின் அன்றைய குறிப்பு விகிதத்தைவிடத் தன் விகிதம் எத்தனை விழுக்காடு கூடுதல் என்பதைப் பணம் செலுத்தப்படும் முன்பே காட்ட வேண்டும். இரு வேறு கடைகளின் விகிதங்களை ஒரே அளவுகோலால் ஒப்பிட இது வழிசெய்தது. இந்தியப் பயணிக்கு அத்தகைய ஒப்பீடு எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை. எனவே அவர் கைக்கொள்ளத்தக்க நடைமுறை எளிமையானது. எந்த நாட்டில் இருக்கிறாரோ அந்த நாட்டு நாணயத்திலேயே செலுத்த வேண்டும். கையெழுத்திடும் முன் அல்லது ரகசிய எண்ணை அழுத்தும் முன் திரையிலும் ரசீதிலும் எந்த நாணயம் அச்சாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கேட்காமல் ரூபாயில் பதிந்துவிட்டால் அந்த இடத்திலேயே ரத்து செய்து உள்ளூர் நாணயத்தில் மீண்டும் பதியச் சொல்ல வேண்டும். தேர்வு செய்யும் உரிமை அட்டைதாரருடையது என்பது வலையமைப்பு நிறுவனங்களின் விதியாகவே இருப்பதால், இவ்வாறு கேட்பதில் தயக்கம் தேவையில்லை.

வெளிநாட்டு ஏடிஎம் இயந்திரங்களில் இதே கேள்வி இன்னும் குழப்பமான வடிவில் வருகிறது. ஒரு விகிதத்தைக் காட்டி, இந்த மாற்றத்தை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று திரை கேட்கும்போது, மறுத்தால் பணமே வராது என்று பலர் அஞ்சி ஏற்றுக்கொள்கின்றனர். மறுக்கப்படுவது இயந்திரம் முன்வைக்கும் விகிதம் மட்டுமே. பணம் வழக்கம்போல் வெளியே வரும், நாணயத்தை வலையமைப்பு மாற்றிக்கொள்ளும். சுற்றுலாப் பயணிகள் திரளும் தெருக்களில் தனியார் நிறுவனங்கள் வைத்துள்ள இயந்திரங்களில் இந்தத் திரையை ஊன்றிப் படிப்பது மிகவும் அவசியம்.

ஆனால் கடன் அட்டையைக் கொண்டு ஏடிஎம்மில் பணம் எடுப்பதில் நாணய மாற்றத்தைவிடப் பெரிய செலவு வேறொன்று இருக்கிறது. டெபிட் அட்டையால் எடுக்கும்போது ஒருவர் தன் சேமிப்பிலிருந்து எடுக்கிறார்; கடன் அட்டையால் எடுக்கும்போது வங்கியிடம் கைமாற்று வாங்குகிறார். பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லாத தவணைக்காலம், அதாவது கணக்கறிக்கை வந்து கெடுநாள் வரும் வரையிலான சலுகை, ரொக்கத்துக்குக் கிடையாது. பணம் கையில் வந்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்குகிறது. அந்த வட்டி மாதத்துக்கு 3.5 விழுக்காடு அல்லது அதற்குச் சற்று மேல் என்பது இந்தியாவில் வழக்கமான விகிதம். ஆண்டுக் கணக்கில் அது 42 விழுக்காட்டைத் தாண்டுகிறது. அத்துடன் எடுக்கும் ஒவ்வொரு முறையும் ரொக்க முன்பணக் கட்டணமாகத் தொகையில் 2.5 விழுக்காடு, அது 500 ரூபாய்க்குக் குறைந்தால் 500 ரூபாய், என்ற அளவில் பல வங்கிகள் வசூலிக்கின்றன. வங்கிக் கடன்களின் வட்டிக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ஆனால் கடன் அட்டை வட்டி அந்த விலக்கிலிருந்து வெளிப்படையாக நீக்கப்பட்டிருப்பதால், இந்த வட்டியின் மீதும் 18 விழுக்காடு வரி விழுகிறது.

தாய்லாந்தை எடுத்துக்காட்டாகக் கொண்டால் இவை அனைத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுவதைப் பார்க்கலாம். அங்குள்ள வங்கிகளின் ஏடிஎம்கள் வெளிநாட்டு அட்டைக்கு ஒரு முறைக்கு 220 பாட் என்ற அளவில் கட்டணம் பிடிக்கின்றன. ஒரு பாட் இரண்டரை ரூபாய் என்று வைத்துக்கொண்டு, ஒருவர் 10,000 பாட் எடுத்தால், கணக்கில் 10,220 பாட், அதாவது 25,550 ரூபாய் பதிவாகும். மார்க்கப்பும் அதன் ஜிஎஸ்டியும் 1,055 ரூபாய். ரொக்க முன்பணக் கட்டணம் ஜிஎஸ்டியோடு ஏறத்தாழ 754 ரூபாய். முப்பது நாள் கழித்துத் திருப்பிச் செலுத்தினால் வட்டியும் அதன் ஜிஎஸ்டியும் மீண்டும் 1,055 ரூபாய். கையில் வந்தது 25,000 ரூபாய் மதிப்புள்ள பாட். திருப்பிக் கொடுப்பது 28,414 ரூபாய். ஒரு மாதக் கைமாற்றுக்கு நூற்றுக்குப் பதின்மூன்றுக்கும் மேல் என்பது, கந்துவட்டிக் கொடுமையைப் பற்றிச் செய்தி படித்துப் பழகிய வாசகருக்கும் திகைப்பூட்டும் அளவு. கட்டணங்களின் மீது ஏறும் வட்டி இந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

இதில் ஏடிஎம் கட்டணம் தொகைக்கு ஏற்ப மாறாத நிலையான கட்டணம் என்பதால், சிறு சிறு தொகையாகப் பலமுறை எடுப்பவர் கூடுதலாக இழக்கிறார். 1,000 பாட் மட்டும் எடுப்பவருக்கு அந்த 220 பாட்டே 22 விழுக்காடு ஆகிவிடும், ரொக்க முன்பணத்துக்கான 500 ரூபாய்க் குறைந்தபட்சக் கட்டணம் இன்னொரு 20 விழுக்காடு. கடையில் அட்டையைப் பயன்படுத்துவதற்கு நேர்மாறான நிலை இது. அங்கு மார்க்கப் விழுக்காட்டுக் கணக்கில் இருப்பதால், ஒரு காப்பிக்கும் ஓர் அறை வாடகைக்கும் சுமை ஒரே விகிதத்தில்தான் அமைகிறது. ஆகவே செலவுக்குக் கடன் அட்டை, ரொக்கத்துக்கு டெபிட் அட்டை அல்லது முன்கூட்டியே மாற்றிக் கொண்டுபோன நோட்டு என்று பிரித்துவைத்துக்கொள்வதே முறையானது. டெபிட் அட்டைக்கும் மார்க்கப்பும் எடுப்புக் கட்டணமும் உண்டு என்றாலும் வட்டி என்பது இல்லை. பணப்பை களவுபோனது போன்ற நெருக்கடியில் கடன் அட்டையால் ரொக்கம் எடுக்க நேர்ந்தால், கணக்கறிக்கைக்காகக் காத்திராமல் அன்றோ மறுநாளோ வங்கியின் செயலி வழியாக அந்தத் தொகையைச் செலுத்திவிட்டால் வட்டியின் பெரும்பகுதி நின்றுவிடும். கடன் வரம்பு முழுவதையும் ரொக்கமாக எடுக்க முடியாது என்பதும், ரொக்கத்துக்கென்று அதில் ஒரு பகுதியையே வங்கி ஒதுக்கியிருக்கும் என்பதும் அந்த நெருக்கடிக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை.

ரொக்கத்தின் தேவை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஸ்வீடனில் நோட்டை ஏற்க மறுக்கும் கடைகள் சாதாரணம். ஜெர்மனியில் சிறிய உணவகங்களும் அடுமனைகளும் இன்றும் ரொக்கத்தை விரும்புகின்றன, அட்டையை ஏற்கும் சில கடைகள்கூட உள்நாட்டு ஜிரோகார்டை மட்டுமே ஏற்கின்றன. ஜப்பானில் சிறு கோயில்களிலும் பழைய உணவுக்கடைகளிலும் நோட்டு தேவைப்படும். அங்கு எல்லா வங்கி ஏடிஎம்களும் வெளிநாட்டு அட்டையை ஏற்பதில்லை என்பதால், செவன் லெவன் கடைகளில் உள்ள செவன் பேங்க் இயந்திரங்களையே பயணிகள் நாடுகின்றனர். இந்தியாவிலிருந்து கிளம்புபவர் ஒரு பயணத்துக்குப் பெரும்பாலான நாடுகளுக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்புவரை அந்நிய நோட்டாகக் கொண்டுபோகலாம். எஞ்சியதை அட்டையில்தான் கொண்டுபோக வேண்டும். நேபாளத்திலும் பூட்டானிலும் இந்தியர்கள் கடன் அட்டையின் மூலம் அந்நியச் செலாவணியில் செலுத்த அனுமதி இல்லை.

கடன் அட்டைக்கு மாற்றே இல்லாத இடங்களும் உண்டு. தங்கும் விடுதிகளும் வாடகைக் கார் நிறுவனங்களும், வாடிக்கையாளர் வந்து சேர்ந்தவுடன், பிற்பாடு ஏற்படக்கூடிய சேதத்துக்கோ கூடுதல் செலவுக்கோ ஒரு தொகையை அட்டையில் தடுத்துவைக்கின்றன. முன் ஒப்புதல் எனப்படும் இந்த ஏற்பாட்டில் பணம் எடுக்கப்படுவதில்லை, ஆனால் அந்த அளவுக்கு வரம்பு குறைந்துவிடுகிறது. டெபிட் அட்டையில் இது நடந்தால் சேமிப்புக் கணக்கில் உள்ள சொந்தப் பணமே பல நாள் முடங்கிப்போகும். கடன் அட்டையில் வங்கியின் பணம்தான் முடங்குகிறது. பயணத்தின் நடுவே அட்டை மறுக்கப்படுவதற்கு முந்தைய ஊர் விடுதி இன்னும் விடுவிக்காத முன் ஒப்புதல் காரணமாக இருப்பது உண்டு. அமெரிக்க உணவகங்களில் முதலில் சாப்பாட்டுத் தொகைக்கு ஒப்புதல் பெறப்பட்டு, ரசீதில் வாடிக்கையாளர் எழுதும் டிப்ஸ் பிறகு சேர்க்கப்படுவதால், குறுஞ்செய்தியில் வந்த தொகையைவிட இறுதித் தொகை கூடுதலாக இருக்கும். அந்த ரசீதின் நகலை வைத்திருப்பது நல்லது. வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்தால், பணம் திரும்பும் நாளின் விகிதத்தில் கணக்கிடப்படுவதாலும், மார்க்கப்பை வங்கிகள் பொதுவாகத் திருப்பித் தருவதில்லை என்பதாலும், கொடுத்த ரூபாய் அப்படியே திரும்பி வராது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, இந்திய ரிசர்வ் வங்கியின் இரு நடவடிக்கைகள் பயணிக்கு நேரடியாகப் பயன்படுபவை. 2020 ஜனவரியில் அது வெளியிட்டு அவ்வாண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சுற்றறிக்கையின்படி, புதிதாக வழங்கப்படும் அட்டை இந்தியாவுக்குள் மட்டுமே இயங்கும் நிலையில் வருகிறது; வெளிநாட்டுப் பயன்பாட்டை அட்டைதாரரே செயலியில் திறந்துவிட வேண்டும், கடை, ஏடிஎம், இணையம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரம்பையும் வைத்துக்கொள்ளலாம். கிளம்பும் முன் இதைத் திறக்க மறந்தவர்கள் அந்நிய விமான நிலையத்தில் தவித்துப்போகின்றனர். திரும்பியபின் மூட மறந்தவர்களுக்கு வரும் ஆபத்தோ அதைவிடப் பெரிது. காரணம், இந்தியாவில் இணையச் செலவுக்குப் பழகிப்போன ஓடிபி என்னும் இரண்டாம் சரிபார்ப்பை வெளிநாட்டு இணையதளங்கள் பல கேட்பதில்லை. அட்டை எண்ணும் காலாவதித் தேதியும் பின்புறத்து மூன்று இலக்கமும் களவுபோனாலே அங்கு செலவு செய்துவிட முடியும். இரண்டாவது, 2017 ஜூலைச் சுற்றறிக்கை. வங்கியின் மீதோ வாடிக்கையாளரின் மீதோ தவறில்லாத முறைகேடான செலவை, வங்கியின் செய்தி வந்த மூன்று வேலைநாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. நான்கு முதல் ஏழு வேலைநாட்களுக்குள் என்றால் ஐந்து லட்சம் ரூபாய் வரை வரம்புள்ள கடன் அட்டைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். தவறு வாடிக்கையாளருடையது என்று மெய்ப்பிக்கும் சுமையும் வங்கியைச் சார்ந்தது. இந்தக் கெடு நாள் கணக்கில் இயங்குவதால், பயணத்தின்போதும் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வந்துசேரும் ஏற்பாடு இருந்தாக வேண்டும்.

பிரிட்டனின் சட்டம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளில் விற்பவர் ஒப்பந்தத்தை மீறினால், அட்டையை வழங்கிய நிறுவனமும் அவரோடு சேர்ந்து பொறுப்பாகும் என்கிறது. இது வெளிநாட்டில் செய்த செலவுக்கும் பொருந்தும் என்று 2007இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. இந்தியாவில் இதற்கு இணையான சட்டப்பிரிவு இல்லாத நிலையில், தகராறுக்குள்ளான தொகையை வணிகரிடமிருந்து திரும்பப் பெற வலையமைப்புகளின் சார்ஜ்பேக் நடைமுறையையே அட்டைதாரர்கள் நம்ப வேண்டியிருக்கிறது. இத்துறையில் இந்தியச் சட்டம் வளர இன்னும் இடமிருக்கிறது.

இறுதியாக வரியின் நிலை. 1999இல் இயற்றப்பட்டு 2000 ஜூனில் நடைமுறைக்கு வந்த அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழ், ரிசர்வ் வங்கி 2004இல் எல்ஆர்எஸ் என்னும் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. 25,000 டாலரில் தொடங்கிய அதன் ஆண்டு வரம்பு இன்று 2,50,000 டாலர். வெளிநாட்டில் இருக்கும்போது கடன் அட்டையால் செய்யும் செலவு இந்த வரம்பில் சேராது என்றிருந்த விதியை மத்திய அரசு 2023 மே 16ஆம் நாள் நீக்கியது. சேர்ந்திருந்தால், மூலத்தில் வசூலிக்கப்படும் வரியான டிசிஎஸ் 20 விழுக்காடு வரை அட்டைச் செலவின் மீதும் விழுந்திருக்கும். எதிர்ப்பு வலுக்கவே ஏறத்தாழ ஆறு வாரத்தில், ஜூன் 28இல், அந்த மாற்றத்தை அரசு ஒத்திவைத்தது. வெளிநாட்டில் செய்யும் கடன் அட்டைச் செலவு எல்ஆர்எஸ் கணக்கில் வராது என்ற நிலை தொடர்ந்தது. டெபிட் அட்டையும், முன்பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் அட்டையும் அந்தக் கணக்கில் அடங்கியே இருக்கின்றன. 2025 ஏப்ரல் முதல், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்குத்தான் அவற்றுக்கு டிசிஎஸ் பிடிக்கப்படுகிறது, பிடித்ததையும் வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். இவ்வகையில் கடன் அட்டைக்கும் ஃபாரெக்ஸ் அட்டைக்கும் இடையே வரி முறையில் உள்ள வேறுபாடு, மார்க்கப்பையும் டிசிசியையும் தாண்டி, எந்த அட்டையைக் கொண்டுபோவது என்ற முடிவையே மாற்றக்கூடியது. கிளம்பும் நாளிலேயே விகிதத்தைப் பூட்டிவைக்கும் ஃபாரெக்ஸ் அட்டையின் அமைப்பும், அதில் ஏற்றாத நாணயத்தில் செலவு செய்யும்போது விழும் குறுக்கு நாணயக் கட்டணமும் அடுத்த பகுதியில் விளக்கப்படும்.

(தொடரும்)